சாம் பகதூர் வீட்டுக்காரம்மா: குன்னூரில் வாழ்ந்து மறைந்த சில்லூ பாட்டியின் கதை

ஓசூர் சிப்காட்டில் காலை ஷிஃப்ட் மாறும் நேரம். கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக கேட்டுக்குள் நுழைகின்றன. நிமிர்ந்த முதுகும் முறுக்கிய மீசையுமாக செக்யூரிட்டி ஒருவர் விறைப்பாக நிற்கிறார். பார்த்ததுமே தெரிந்துவிடும், இவர் 'எக்ஸ் சர்வீஸ்' என்று. டீ இடைவேளையில் அவரிடம் பேச்சுக் கொடுத்தால் போதும். சியாச்சின் குளிர், ராஜஸ்தான் மணல், காஷ்மீரில் கழிந்த இரவுகள் என்று கதைகள் கொட்டும். கேட்பவர்களும் வாய் பிளந்து கேட்பார்கள்.

அதே நேரம், சூளகிரி பக்கமோ பாகலூர் பக்கமோ இருக்கும் அவர் வீட்டில் ஒரு பாட்டி பேரனுக்கு சாப்பாட்டு டப்பா கட்டிக்கொண்டிருப்பார். அவரிடம் போய், "நீங்க எப்படி இருந்தீங்க அந்தக் காலத்துல?" என்று கேட்டால், "எனக்கென்ன கதை இருக்கு? அவருதான் மிலிட்டரில இருந்தாரு" என்று சிரித்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவார்.

ராணுவக் குடும்பங்களில் பாதிக் கதை இப்படித்தான் சொல்லப்படாமலே போகிறது.

கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கும் ராணுவத்துக்கும் உள்ள உறவு பழையது. மத்திகிரி கால்நடைப் பண்ணையே 1824-ல் ராணுவக் குதிரைகளுக்காகத் தொடங்கப்பட்டதுதான். ஜூஜூவாடி எல்லையைத் தாண்டி ஒரு மணி நேரம் போனால் பெங்களூரு அல்சூரில் மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவின் மையம். 'தம்பி' என்று ராணுவமே செல்லமாக அழைக்கும் வீரர்கள் பயிற்சி பெறும் இடம். இன்னொரு பக்கம், நீலகிரி வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்ட் மையம். ராணுவத்துக்குப் பிள்ளையை அனுப்பிய தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு இந்த இரண்டு ஊர்ப் பெயர்களும் நன்றாகத் தெரியும்.

அந்த வெலிங்டனை ஒட்டியிருக்கும் குன்னூரில், இந்தியாவின் மிகப் புகழ்பெற்ற ராணுவ வீரரின் மனைவி ஒருவர் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். பெயர் சில்லூ மானெக்‌ஷா. பிப்ரவரி 13 அவரது நினைவு நாள்.

திரையில் பார்த்த இரண்டு மனைவிகள்

2024 தீபாவளிக்கு வந்த 'அமரன்' படம் பல வீடுகளில் கண்ணீரை வரவழைத்தது. மேஜர் முகுந்த் வரதராஜனின் மனைவி இந்து ரெபேக்கா வர்கீஸாக சாய் பல்லவி நடித்திருந்தார். 2015 குடியரசு தினத்தன்று கணவருக்கான அசோக சக்ரா விருதை இந்து வாங்கிய காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் இன்னும் மறந்திருக்க மாட்டார்கள்.

அதற்கு முந்தைய ஆண்டு, 2023 டிசம்பரில் வெளியானது 'சாம் பகதூர்' இந்திப் படம். ஃபீல்ட் மார்ஷல் சாம் மானெக்‌ஷாவாக விக்கி கௌஷல், சில்லூவாக சான்யா மல்ஹோத்ரா.

இந்துவின் கதை, திரும்பி வராத கணவரின் கதை. சில்லூவின் கதை, ஒவ்வொரு முறையும் திரும்பி வந்த கணவரின் கதை. வந்துவிட்டதால் அந்தக் காத்திருப்பை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. ஆனால், திரும்பி வருவாரா என்பது காத்திருக்கும்போது எந்த மனைவிக்கும் தெரியாதே!

லாகூரில் ஒரு சந்திப்பு

சில்லூ போடே பம்பாய்ப் பெண். பார்சி குடும்பம். எல்ஃபின்ஸ்டன் கல்லூரியில் படித்தவர். சர் ஜே.ஜே. ஓவியப் பள்ளியிலும் பயின்றவர். பெண்கள் கல்லூரிக்குப் போவதே அரிதாக இருந்த காலத்தில், தூரிகை பிடிக்கக் கற்றுக்கொண்டவர்.

1937-ல் லாகூரில் நடந்த ஒரு விருந்தில் இளம் அதிகாரியான சாமைச் சந்தித்தார். டேராடூன் ராணுவ அகாடமியின் முதல் பேட்ச்சில் பயிற்சி முடித்து வந்தவர் சாம். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1939 ஏப்ரல் 22 அன்று இருவருக்கும் திருமணம்.

அந்த ஆண்டு செப்டம்பரிலேயே இரண்டாம் உலகப் போர் தொடங்கிவிட்டது. புது மணப்பெண்ணுக்குக் கிடைத்த நிம்மதியான நாட்கள் ஐந்து மாதங்கள்கூட இல்லை.

1940 ஜனவரியில் மூத்த மகள் ஷெர்ரி பிறந்தார். குழந்தைக்கு இரண்டு வயது முடிந்த சில வாரங்களில், பர்மா போர்முனையில் அந்தச் சம்பவம் நடந்தது.

1942 பிப்ரவரி 22

பர்மாவின் சிட்டாங் ஆற்றுப் பகுதியில் ஜப்பானியப் படையோடு கடும் சண்டை. கேப்டன் சாமின் உடலை இயந்திரத் துப்பாக்கிக் குண்டுகள் துளைத்தன. பிழைக்க மாட்டார் என்றுதான் பார்த்தவர்கள் நினைத்தார்கள். ஜெனரல் கோவன், தன் சட்டையிலிருந்த மிலிட்டரி கிராஸ் ரிப்பனைக் கழற்றி சாமின் மார்பில் குத்தினார். இறந்தவருக்கு அந்த விருதைத் தர முடியாது. அதனால்தான் உயிர் இருக்கும்போதே அந்த அவசரம்!

சாமின் ஆர்டர்லி அவரைத் தூக்கிக்கொண்டு மருத்துவரிடம் ஓடினார். இந்தக் கேஸ் தேறாது என்று மருத்துவர் தயங்கினார். என்ன ஆச்சு என்று அவர் கேட்டபோது, கோவேறு கழுதை உதைத்துவிட்டது என்று சாம் பதில் சொன்னாராம். இந்த நிலையிலும் ஜோக் அடிக்கிற மனிதரைக் காப்பாற்றித்தான் ஆக வேண்டும் என்று மருத்துவர் கத்தியை எடுத்தார் என்பது ராணுவத்தில் இன்றும் சொல்லப்படும் கதை.

இந்தக் கதையில் ஆர்டர்லி இருக்கிறார், மருத்துவர் இருக்கிறார், ஜெனரல் இருக்கிறார். கழுதைகூட இருக்கிறது. கைக்குழந்தையோடு காத்திருந்த மனைவி மட்டும் இல்லை.

செல்போன் இல்லாத காலம். கடிதம் வந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. தந்திக்காரர் தெருவில் நுழைந்தாலே ராணுவக் குடும்பங்களுக்கு நெஞ்சு அடைத்துக்கொள்ளும்.

சாம் பிழைத்தார். தேறியதும் மறுபடியும் போருக்குப் போனார். போர் முடிந்த 1945-ல் இரண்டாவது மகள் மாயா பிறந்தார். பிற்காலத்தில் மனித உரிமை வழக்கறிஞராக நாடறிந்த மாயா தாருவாலா இவர்தான்.

வீடு என்பது பெட்டிதான்

1947-ல் நாடு பிரிந்தது. சாம் இருந்த ரெஜிமென்ட் பாகிஸ்தானுக்குப் போனது. அவர் இந்தியாவைத் தேர்ந்தெடுத்தார். சில்லூவும் சாமும் முதன்முதலில் சந்தித்த லாகூர் இன்னொரு நாட்டு ஊராகிப்போனது.

அதன் பிறகு மாற்றல் மேல் மாற்றல். டெல்லி, ஃபெரோஸ்பூர், மாவ், லண்டனில் படிப்பு, ஜம்மு, வெலிங்டன், தேஜ்பூர், சிம்லா, கல்கத்தா, மறுபடி டெல்லி. அதிகாரியின் வாழ்க்கைக் குறிப்பில் இது ஒரு வரியில் முடிந்துவிடும். வீட்டில் இருப்பவர்களுக்கு ஒவ்வோர் ஊரும் ஒரு குடும்பத்தை அடியோடு பெயர்த்து நடுவது. புதுப் பள்ளிக்கூடம், புது மொழி, புது அக்கம்பக்கம். திரைச்சீலை ஜன்னலுக்குப் பொருந்தும் நேரத்தில் அடுத்த ஆர்டர் வந்துவிடும்.

கறுப்பு பெயின்ட் அடித்து, வெள்ளை எழுத்தில் பெயரும் நம்பரும் எழுதிய டிரங்குப் பெட்டி இன்றும் நம் ஊர் ராணுவக்காரர்கள் வீட்டுப் பரண்களில் இருக்கும். அதைக் கட்டியதும் பிரித்ததும் யார் என்று கேட்டால், பெரும்பாலும் பெயர் எழுதப்படாத ஒருவர்தான்.

வெலிங்டன் நாட்கள் சில்லூ குடும்பத்துக்குச் சோதனையானவை. 1959-ல் அங்குள்ள ராணுவப் பணியாளர் கல்லூரியின் கமாண்டன்ட்டாக சாம் வந்தார். மனதில் பட்டதைப் பட்டென்று சொல்லும் அவரது குணம் மேலிடத்தில் சிலருக்குப் பிடிக்கவில்லை. தேசபக்தி இல்லாதவர் என்கிற அளவுக்குக் குற்றச்சாட்டு எழுந்து, விசாரணை நடந்தது. பதவி உயர்வு தள்ளிப்போனது. கடைசியில் குற்றமற்றவர் என்று தீர்ப்பானது. 1962-ல் சீனப் போரில் அடிபட்ட படைகளைத் தூக்கி நிறுத்த அவரைத்தான் தேஜ்பூருக்கு அனுப்பினார்கள்.

போரில் கணவருக்கு ஆபத்து என்றால் ஊரே கூட நிற்கும். விசாரணை என்றால் ஊர் மெல்ல விலகி நிற்கும். இரண்டையும் பார்த்தவர் சில்லூ. இத்தனைக்குப் பிறகும் ஓய்வுக்காலத்துக்கு அந்தக் குடும்பம் தேர்ந்தெடுத்தது அதே நீலகிரியைத்தான்.

13 நாள் போர்

1969 ஜூனில் சாம் ராணுவத் தலைமைத் தளபதி ஆனார். 1971 டிசம்பர் 3 அன்று பாகிஸ்தானுடன் போர் வெடித்தது. டிசம்பர் 16-ல் டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது. சுமார் 93,000 பேர் போர்க்கைதிகள். வங்கதேசம் என்ற புதிய நாடு பிறந்தது.

1973 ஜனவரியில் இந்தியாவின் முதல் ஃபீல்ட் மார்ஷல் ஆனார் சாம். அந்த மாதமே பணியிலிருந்து விடைபெற்றார். கல்யாணமாகி கிட்டத்தட்ட 34 ஆண்டுகளுக்குப் பிறகு, சில்லூவுக்கு மாற்றல் உத்தரவு வராத ஒரு வீடு கிடைத்தது.

'ஸ்தவ்கா'

குன்னூர் வீட்டுக்கு 'ஸ்தவ்கா' என்று பெயர். ரஷ்ய மொழியில் போர்த் தலைமையகம் என்று பொருள். வீட்டுக்கே தலைமையகம் என்று பெயர் வைத்தால், அங்கே தளபதி யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

சாமுக்குத் தோட்ட வேலை பிடிக்கும். பல நிறுவனங்களின் இயக்குநர் குழுக்களில் இருந்ததால் பயணங்களும் ஓயவில்லை. நாடெங்கும் அவரைப் பேச அழைத்தார்கள். பிள்ளைகள் அவரவர் வாழ்க்கையில் வேரூன்றினார்கள். இரண்டு மகள்கள் வழியாக மூன்று பேரக் குழந்தைகள். நாட்டுக்கு அவர் ஃபீல்ட் மார்ஷலின் மனைவி. பேரப்பிள்ளைகளுக்கு, லீவு விட்டால் போக ஒரு மலை வீடு வைத்திருக்கும் பாட்டி.

2001 பிப்ரவரி 13 அன்று சில்லூ காலமானார். 61 ஆண்டுகள் தாண்டிய மணவாழ்க்கை. ஊட்டியில் உள்ள பார்சி கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

அதன் பிறகு ஏழு ஆண்டுகள் சாம் தனியே வாழ்ந்தார். 2008 ஜூன் 27 அன்று வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில், 94-வது வயதில் உயிர் பிரிந்தது. ராணுவ மரியாதையுடன் அவரை அடக்கம் செய்த இடம், சில்லூவின் கல்லறைக்குப் பக்கத்தில்.

வாழ்நாள் முழுக்க அவர் போன ஊருக்கெல்லாம் இவர் போனார். கடைசியில், இவர் இருந்த இடத்துக்கு அவர் வந்து சேர்ந்தார்.

தாமதமாக வந்த காசோலை

இந்தக் கதையில் நெருடும் ஒரு விஷயம் உண்டு. ஃபீல்ட் மார்ஷல் பதவிக்கு ஓய்வே கிடையாது. உயிர் இருக்கும்வரை முழுச் சம்பளம் தரப்பட வேண்டும். ஆனால், சாமுக்குப் பல ஆண்டுகள் அது கிடைக்கவில்லை. அன்றைய குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் வெலிங்டன் மருத்துவமனைக்குப் போய் அவரைப் பார்த்து நலம் விசாரித்தார். 2007-ல் நிலுவைத் தொகையாக ஒரு கோடி ரூபாய்க்கும் மேல் காசோலை வந்தது.

சில்லூ இறந்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன.

நாட்டின் முதல் ஃபீல்ட் மார்ஷல் வீட்டிலேயே இப்படி என்றால், சிப்பாயாகவும் நாயக்காகவும் ஹவில்தாராகவும் ஓய்வுபெற்றவர்கள் வீட்டில் நிலைமை எப்படி இருக்கும்?

'கேர் ஆஃப் 56 ஏ.பி.ஓ.'

ராணுவக்காரரின் முகவரி வித்தியாசமானது. 'கேர் ஆஃப் 56 ஏ.பி.ஓ.' அல்லது '99 ஏ.பி.ஓ.' என்று முடியும். ஊர்ப் பெயர் இருக்காது. கணவர் பனிமலையில் இருக்கிறாரா, பாலைவனத்தில் இருக்கிறாரா என்று அந்த முகவரியைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ராகி விதைத்தது, மாடு கன்று போட்டது, மாமியாருக்குக் காய்ச்சல், பெரியவன் பத்தாவது பாஸ் என்று எல்லாச் செய்தியையும் இன்லேண்ட் லெட்டரில் மடித்து, எங்கே போகிறது என்று தெரியாத அந்த முகவரிக்கு அனுப்பிய பெண்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இன்று பாட்டிகளாக இருக்கிறார்கள். எழுதத் தெரியாதவர்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் சொல்லி எழுதவைத்தார்கள். அதனால் சொல்ல நினைத்த பலவற்றைச் சொல்லாமலே விட்டார்கள்.

சில்லூவிடம் கல்லூரிப் படிப்பு இருந்தது. அதிகாரி குடியிருப்பும் வேலையாட்களும் இருந்தார்கள். இந்தப் பெண்களிடம் அது எதுவும் இல்லை. நிலம், மாடு, மாமியார், பிள்ளைகள் எல்லாம் ஒரே தலையில். வருடத்துக்கு இரண்டு மாத லீவில் வரும் அப்பாவை, "யாரும்மா இந்த மாமா?" என்று கேட்ட பிள்ளைகளை வளர்த்தவர்கள் இவர்கள்.

அந்த உழைப்புக்குச் சம்பளப் பட்டியல் இல்லை. ஆனால், ஓர் ஆவணத்தில் மட்டும் அவர்கள் பெயர் கட்டாயம் இருக்க வேண்டும்: கணவரின் ஓய்வூதிய ஆணை. 'பி.பி.ஓ.' என்பார்கள். கணவர் காலமான பிறகு குடும்ப ஓய்வூதியம் கிடைப்பது அதில் உள்ள மனைவியின் பெயரை வைத்துத்தான்.

மும்மொழியும் புழங்கும் ஓசூர் பகுதியில் சிக்கல் வருவது இங்கேதான். வீட்டில் 'லட்சுமம்மா', ஆதாரில் 'லட்சுமி', கணவரின் சர்வீஸ் ரெக்கார்டில் 'லக்ஷ்மி தேவி' என்று ஒரே பாட்டிக்கு மூன்று பெயர் இருக்கும். பிறந்த தேதி ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு விதமாக இருக்கும். தாத்தா இருக்கும்வரை யாரும் கவனிப்பதில்லை. அவர் போன பிறகு, அழுத கண்ணோடு அலுவலகம் அலுவலகமாக ஏற வேண்டியது பாட்டிதான்.

தாத்தா இருக்கும்போதே, ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து சரிபார்க்க வேண்டியவை இவை:

* ஓய்வூதிய ஆணையில் பாட்டியின் பெயரும் பிறந்த தேதியும் இருக்கிறதா? ஆதாரோடு பொருந்துகிறதா? இல்லையென்றால், திருத்தத்துக்கு இப்போதே விண்ணப்பிக்கலாம்.

* ராணுவ ஓய்வூதியம் இப்போது 'ஸ்பர்ஷ்' என்ற இணையதளம் வழியாக வருகிறது. அதன் பாஸ்வேர்டும், பதிவு செய்த செல்போன் எண்ணும் தாத்தாவுக்கு மட்டும் தெரிந்திருந்தால் போதாது.

* ஆண்டுக்கு ஒருமுறை உயிர்வாழ் சான்று தர வேண்டும். தவறினால் ஓய்வூதியம் நின்றுவிடும். பாட்டி குடும்ப ஓய்வூதியம் வாங்கும்போதும் இதே விதிதான்.

* ஓய்வுபெற்ற பிறகு கணவர் இறந்தால், முதல் 7 ஆண்டுகள் வரை, அல்லது அவருக்கு 67 வயது ஆகியிருக்கக்கூடிய நாள் வரை, இதில் எது முந்தையதோ அதுவரை கூடுதல் விகிதத்தில் குடும்ப ஓய்வூதியம் கிடைக்கும். பிறகு சாதாரண விகிதமான 30 சதவிகிதம். தொகை குறைந்ததும் பயப்பட வேண்டாம்.

* முன்னாள் படைவீரர்களுக்கான இ.சி.ஹெச்.எஸ். மருத்துவத் திட்டத்தில் மனைவிக்கும் தனி அட்டை உண்டு. எடுத்தாயிற்றா?

சந்தேகம் இருந்தால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்கலாம். வழிகாட்டுவது அவர்கள் வேலை.

கேட்டால்தானே சொல்வார்கள்?

சாம் மானெக்‌ஷாவைப் பற்றிப் புத்தகங்கள் வந்திருக்கின்றன. திரைப்படம் வந்திருக்கிறது. தபால்தலை வந்திருக்கிறது. ஓவியம் படித்த சில்லூ என்ன வரைந்தார், 1942-ல் அந்தச் செய்தி வந்தபோது என்ன செய்தார், விசாரணை நடந்த நாட்களில் கணவரிடம் என்ன பேசினார் என்பதெல்லாம் ஊரறிந்த கதைகளாகவில்லை. புகழ்பெற்ற வீட்டுப் பாட்டிக்கே இப்படி.

உங்கள் வீட்டிலோ, பக்கத்து வீட்டிலோ ஒரு ராணுவக்காரர் மனைவி இருந்தால், இந்த வாரம் அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். "தாத்தா எங்கே சண்டை போட்டார்?" என்று கேட்க வேண்டாம். அதைத் தாத்தாவே சொல்வார். "அவர் அங்கே இருந்தப்போ நீங்க இங்கே எப்படி இருந்தீங்க பாட்டி?" என்று கேளுங்கள். செல்போனில் ரெக்கார்டு செய்துகொள்ளுங்கள்.

முதலில், "எனக்கென்ன கதை இருக்கு?" என்றுதான் சொல்வார். எழுந்துவிடாமல் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருங்கள்.